ஃபெஸ் பழைய நகரில் வழிகாட்டியுடன் ஒரு பகல்: மதிப்புரை

மொராக்கோவின் ஃபெஸ் நகருக்குச் செல்பவர்கள், ஃபெஸ் எல்-பாலி எனப்படும் பழைய நகரைச் சுற்றிப் பார்க்க அரசு உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை முதல் நாளிலாவது அமர்த்திக்கொள்வது நல்லது. 1981இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இப்பகுதியின் சந்துகளில் கார்கள் நுழைய முடியாது. உயர்ந்த சுவர்களுக்கு நடுவே கைபேசி வரைபடமும் அடிக்கடி தடுமாறுகிறது.

நாங்கள் அமர்த்திய வழிகாட்டியின் திறமை பூ இனானியா மதரசாவில் வெளிப்பட்டது. மரீனிய வம்சத்துச் சுல்தான் அபூ இனான் 14ஆம் நூற்றாண்டில் எழுப்பிய இக்கல்விக்கூடத்தின் முற்றத்தில் எங்களை நிற்கவைத்து, அடிச்சுவரில் ஸெல்லிஜ் எனப்படும் வண்ண ஓட்டுத் துண்டுப் பதிப்பு, அதற்கு மேல் சுதைச் செதுக்கல், அதற்கும் மேல் தேவதாரு மர வேலைப்பாடு எனப் பார்வையைப் படிப்படியாக உயர்த்தச் சொன்னார். மெருகிட்ட ஓடுகளை உளியால் சிறு துண்டுகளாகக் கொத்தி, வண்ணப் பக்கம் தரையை நோக்கியிருக்கும்படி கவிழ்த்து அடுக்கி, பின்புறத்தில் சாந்து ஊற்றி இறுகவைக்கிறார்கள் என்று அவர் விளக்கியபோது, வடிவம் முழுவதையும் மனத்திலேயே வைத்துக்கொண்டு வேலை செய்யும் அக்கைவினைஞர்கள் மீது பெரும் மதிப்பு உண்டாயிற்று.

859இல் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி நிறுவியதாக மரபு கூறும் அல்-கராவிய்யீன் பள்ளிவாசலுக்குள் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதியில்லை. திறந்திருந்த வாயில் வழியாக முற்றத்தைக் காட்டிவிட்டு, அருகிலுள்ள அத்தாரீன் மதரசாவுக்கு அவர் அழைத்துச் சென்றது பொருத்தமாக இருந்தது.

குறை, ஷுவாரா தோல் பதனிடும் களத்தில் தொடங்கியது. சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த தொட்டிகளில் தோல்கள் ஊறுவதைச் சுற்றியுள்ள தோல் கடைகளின் மாடிகளிலிருந்துதான் நன்கு பார்க்க முடியும் என்பதால், கடைக்குள் செல்வதைத் தவிர்க்க இயலாது. ஆனால், கடைகள் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தும், அதன் பிறகு கம்பளக் கடைக்கும் பித்தளைப் பாத்திரக் கடைக்கும் அழைத்துச் சென்று நீண்ட நேரம் அமர்த்தி வைத்ததை ஏற்க முடியவில்லை. நெஜ்ஜாரீன் மர அருங்காட்சியகத்தை விரைந்து கடக்க நேர்ந்ததற்கு அதுவே காரணம்.

எனவே, பார்க்க வேண்டிய இடங்களையும் கட்டணத்தையும் முன்கூட்டியே எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சரிவுகளும் படிகளும் மிகுதியாதலால் முதியோருடன் செல்பவர்களுக்கு அரைநாள் நடையே போதும். வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலான கடைகளும் பட்டறைகளும் மூடியிருக்கும் என்பதால், கைவினைஞர்கள் வேலை செய்வதைக் காண விரும்புவோர் வேறு நாளைத் தேர்ந்தெடுக்கலாம்.