ஐசிடி கருவியுடன் பத்து ஆண்டுகள்

மாரடைப்பு என் இதயத் தசையில் விட்டுச்சென்ற தழும்பைச் சுற்றி மின்னோட்டம் வட்டமடிக்கத் தொடங்கினால், கீழறைகள் நிமிடத்துக்கு 190 முறை துடிக்கும். வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா எனப்படும் இது ஃபிப்ரிலேஷனாக, அதாவது கீழறைகள் துடிக்காமல் வெறுமனே நடுங்கும் நிலையாக, மாறினால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும் என்பதால், 2015இல் இடது காறையெலும்புக்குக் கீழே ஐசிடி என்ற, தேவைப்படும்போது இதயத்துக்கு மின்னதிர்ச்சி (ஷாக்) கொடுக்கும் சிறு கருவியைப் பொருத்தினார்கள்.

உறவினர் பலரும் இதைப் பேஸ்மேக்கர் என்றே சொல்கிறார்கள். பேஸ்மேக்கர் குறைந்த துடிப்பைத் தூக்கிக்கொடுப்பது. ஐசிடியோ கட்டுமீறிய துடிப்பை அடக்குவது. ஆனால் அந்தத் துடிப்பு வராமல் தடுக்க அதனால் இயலாது. இதை எனக்கு யாரும் முன்கூட்டியே விளக்கவில்லை என்ற வருத்தம் இன்றும் உண்டு.

முதல் ஷாக் வந்தபோது குளித்துவிட்டு வேட்டி உடுத்திக்கொண்டிருந்தேன். தலை லேசாகச் சுற்றியது. அடுத்த கணம் மாடு நெஞ்சில் முட்டியதைப் போல ஓர் அடி விழுந்தது, வேட்டி நழுவ, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலி நொடியில் போய்விட்டது. குளியலறைக்குத் தனியாகச் செல்லும் பயம் மட்டும் மாதக்கணக்கில் போகவில்லை.

துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மாத்திரை ஷாக்குகளைக் குறைத்தது. ஆனால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின். மூன்றாம் ஆண்டில் தைராய்டு சுரப்பு குறைந்து, அதற்கும் தினமொரு மாத்திரை சேர்ந்தது. இம்மருந்தை உட்கொள்பவர்கள் தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது செய்துகொள்வதும், இருமலோ மூச்சிரைப்போ வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்வதும் அவசியம்.

2019இல் ஒரே இரவில் நான்கு ஷாக்குகள் வந்தபின் அப்லேஷன் செய்தார்கள். தொடையிடுக்கின் இரத்தக்குழாய் வழியே கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, தழும்பில் மின்னோட்டம் சுற்றும் பாதையைத் தேடி, ரேடியோ அலை வெப்பத்தால் சுட்டுவிடும் சிகிச்சை அது. பின்னர் காலை மடக்காமல் படுத்திருந்த ஆறு மணி நேரந்தான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. என் வாழ்க்கையை மாற்றியது கருவியைவிட இந்தச் சிகிச்சைதான் என்பேன். ஆயினும் அதை நம்பிக் கருவியை எடுத்துவிட முடியாது.

2023இல் பேட்டரி தீர்ந்து கருவியை மாற்றினார்கள், வயர்கள் பழையனவே. கருவிக்கு இடையூறு ஆகாதிருக்க, கைப்பேசி இப்போது சட்டையின் இடப்பக்கப் பையில் இருப்பதில்லை, இண்டக்ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கிறேன்.

சென்ற மாதப் பரிசோதனையில் இரண்டு முறை டாக்கிகார்டியா பதிவாகியிருந்தது. ஷாக் கொடுக்காமல், அதைவிடச் சற்று வேகமாக இதயத்தைத் துடிக்கவைத்தே கருவி அடக்கியிருக்கிறது. இரண்டும் நான் தூங்கிக்கொண்டிருந்தபோது வந்து போனவை.