விரலால் டிரம்ஸ் வாசிக்கக் காலும் வேண்டும்: ஐந்து வருட அனுபவம்

2020 ஊரடங்கில் ஒரு யூஎஸ்பி கன்ட்ரோலர் வாங்கினேன்; விரலால் தட்டினால் கணினியில் டிரம் ஒலி எழுப்பும் பதினாறு ரப்பர் சதுரங்கள், அதாவது பேடுகள், அதில் உண்டு. டிரம் செட் வாங்கத்தான் ஆசை. அடுக்குமாடி வீட்டில் அந்த ஆசையை வாய்விட்டுச் சொல்லவே பயம். பேடுகளில் தட்டினால் ஹெட்போனில் எனக்கு மட்டும் கேட்கும், சண்டை வராது என்று கணக்குப் போட்டேன்.

ஒரு வருடத்தில் கை ஓரளவு பழகிவிட்டது. பேஸ் கிதார் வாசிக்கும் நண்பனுக்கு ஒரு பதிவை அனுப்பினேன். “நல்லாத்தான்டா இருக்கு, ஆனா ஹை-ஹாட் மட்டும் டைப் அடிக்கிற மாதிரி இருக்கு” என்றான். (ஹை-ஹாட் என்பது டிரம் செட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் ஜோடி உலோகத் தட்டு.) கோபம் வந்தது. மறுபடி கேட்டுப் பார்த்தேன், அவன் சொன்னது சரி.

முதலில் பேடின் மேல்தான் சந்தேகம். இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழியான மிடியில் (MIDI) ஒவ்வொரு தட்டின் வேகமும் 1 முதல் 127 வரை ஒரு எண்ணாகப் போகிறது. என் தட்டுகளின் எண்களைத் திரையில் பார்த்தால் ஆள்காட்டி விரலுக்கு 110க்கு மேல், மோதிர விரலுக்கு 50 தாண்டுவதே அபூர்வம். நடுவில் ஒன்றுமே இல்லை. எந்த வேகத்துக்கு எந்த எண் என்று தீர்மானிக்கும் வெலாசிட்டி வளைவை மாற்றினேன். அப்புறம் பெட்டியைத் திறந்து, மந்தமாக இருந்த நான்கு பேடுகளுக்குக் கீழே இன்சுலேஷன் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டினேன். வாரண்டி போனது போனதுதான், ஆனால் மெதுவான தட்டுகூட அதன்பின் பதிவாகத் தொடங்கியது. ஸ்நேர் டிரம்மில் கோஸ்ட் நோட், அதாவது காதில் விழுந்தும் விழாத மெல்லிய அடி, எனக்கு வந்ததே அந்த டேப்புக்குப் பிறகுதான். (முதல் இரண்டு வாரம் ‘ஃபுல் லெவல்’ பட்டன் அழுந்தியிருந்தது தெரியாமல் எல்லாத் தட்டையும் 127இல் வாசித்துக்கொண்டிருந்தேன். அதை நண்பனிடம் சொல்லவில்லை.)

ஸ்நேர் சரியானது. ஹை-ஹாட் அப்படியே இருந்தது. காரணம் எளிது. நிஜ டிரம்மரின் இடது கால் ஹை-ஹாட் பெடலில் இருக்கும். ஹை-ஹாட்டின் இரண்டு உலோகத் தட்டுகளும் எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கின்றன என்பதை அந்தக் கால் நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டே இருக்கும். மிடியில் ஒவ்வொரு டிரம் ஒலிக்கும் ஒரு நோட் எண் உண்டு. பேடில் எனக்கு இருந்தது 42இல் மூடிய ஹாட், 46இல் திறந்த ஹாட் மட்டும். ஒன்றை அடித்தால் மற்றது நிற்கும்படி சோக் குரூப். கதவு ஒன்று திறந்திருக்கும், இல்லையென்றால் சாத்தியிருக்கும். ஒருக்களித்து நிற்கவே நிற்காது.

அதனால், எவ்வளவு தூரம் மிதிக்கிறோமோ அதற்கேற்ப எண் மாறிக்கொண்டே போகும் எக்ஸ்பிரஷன் பெடல் ஒன்று வாங்கினேன். வாங்கிய பிறகுதான் என் பேடு பெட்டியில் பெடல் சொருக ஓட்டையே இல்லை என்பது உறைத்தது. பரணில் ஒரு பழைய மிடி கீபோர்டு கிடந்தது, பின்புறம் இரண்டு பெடல் சாக்கெட்டுகளோடு. இன்று வரை அது மேசைக்கடியில் படுத்துக்கொண்டு பெடல்களுக்குத் தரகு வேலை மட்டும் பார்க்கிறது.

சொருகினேன், பெடல் ஒழுங்காக வேலை செய்யவில்லை. முக்கால்வாசித் தூரம் ஒன்றுமே நடக்காது, கடைசியில் ஒரே தாவலில் 127. இந்தப் பெடல்களின் பிளக்கில் நுனியும் நடு வளையமும் எந்தக் கம்பியோடு சேர வேண்டும் என்பதில் இரண்டு வழக்கங்கள் உண்டு. என் பெடல் ஒரு கட்சி, கீபோர்டு மறு கட்சி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒருவர் இரண்டு கம்பியை மாற்றிப் பற்றவைத்து ஒரு சின்ன கேபிள் செய்து கொடுத்தார். வாங்கும் முன் இதை மட்டும் பார்த்துவிடுங்கள். சில பெடல்களில் இதற்கென்றே ஒரு சுவிட்ச் இருக்கும்.

பெடலின் அசைவைக் கீபோர்டு அனுப்புவது எக்ஸ்பிரஷனுக்கான 11ஆம் மிடி கன்ட்ரோல் எண்ணில். டிரம் மென்பொருள்கள் ஹை-ஹாட்டுக்குப் பெரும்பாலும் எதிர்பார்ப்பது கால் கன்ட்ரோலருக்கான 4. நான் பதிவு செய்யும் மென்பொருளான ரீப்பரில் அதை மாற்றிவிட்டேன். அன்று இரவு ஒரே பேடைத் தட்டிக்கொண்டு காலை மட்டும் மெல்ல மெல்லத் தூக்கினேன். ‘டிக் டிக்’ என்றிருந்தது ‘திஸ்’ஸாகி, ‘த்ஷ்ஷ்’ஷாகி விரிந்தது. மூன்று மணி வரை தூங்கவில்லை.

ஒரு விஷயத்துக்குப் பழக ரொம்ப நாளானது. ஹை-ஹாட் பெடலில் ஸ்பிரிங் உண்டு, காலை எடுத்தால் தானே திறந்துகொள்ளும். எக்ஸ்பிரஷன் பெடல் விட்ட இடத்திலேயே நிற்கும். பாதி திறந்த ஹாட்டில் ஒரு பாட்டு முழுக்க ஓட்ட இது வசதி. சட்டென்று மூடித் திறப்பதற்கு மகா இம்சை, குதிகாலும் வேலை செய்ய வேண்டும். காலால் மூடும்போது வரும் ‘சிக்’ ஒலியும் தானாக வராது. பெடல் வேகமாக 120ஐத் தாண்டினால் 44ஆம் நோட்டை அடிக்கும்படி ரீப்பரில் ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதிச் சமாளித்தேன்.

கிக்கையும், அதாவது டிரம்மர்கள் காலால் அடிக்கும் பெரிய டிரம்மையும், காலுக்கே கொடுத்துப் பார்த்தேன். கீபோர்டில் ஒலியை நீட்டிக்க மிதிக்கும் சாதாரண சஸ்டெயின் பெடலைக் கிக்குக்கான 36ஆம் நோட்டாக மாற்றி ஆறு மாதம் முட்டினேன். சரிப்படவில்லை. அது வெறும் சுவிட்ச். ஓங்கி மிதித்தாலும் லேசாகத் தொட்டாலும் ஒரே சத்தம். ஒரு நாள் பாதத்தை அதன் மேல் வைத்தபடியே கீபோர்டை ஆன் செய்துவிட்டேன். அது போலாரிட்டியைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு, காலைத் தூக்கும்போதெல்லாம் கிக் அடித்தது. இதற்கு நடுவே கீழ் வீட்டு மாமி வந்து, “ராத்திரியில என்னப்பா இடிக்கிறே?” என்று கேட்டுவிட்டுப் போனார். எந்தச் சண்டைக்குப் பயந்து பேடு வாங்கினேனோ அதுவே வாசலுக்கு வந்துவிட்டது.

கிக் இப்போது இடது கட்டைவிரலில். நிஜ டிரம்மரைப் போலவே காலில்தான் கிக் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு வீண்வேலையாகவே முடிந்தது. கட்டைவிரல் தரும் ஏற்ற இறக்கத்தை அந்த சுவிட்ச் ஒருநாளும் தராது. அடியின் பலத்தை உணரும் பீஸோ சென்சார் உள்ள நிஜக் கிக் பெடலும் தரைத்தளத்தில் வீடும் இருப்பவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். சஸ்டெயின் பெடலை நான் வீணாக்கவில்லை. அதை மிதித்திருக்கும் வரை ஸ்நேர் பேடு 38க்குப் பதில் 37ஐ, அதாவது குச்சியால் ஸ்நேரின் விளிம்பில் தட்டும் சைடு ஸ்டிக் ஒலியை அடிக்கும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நிறம் மாற்ற இதுவே போதும்.

எதிர்பாராமல் கிடைத்தது கஞ்சிரா. கஞ்சிராவில் வலது கை அடிக்க, இடது கை விரல்கள் தோலை அழுத்திச் சுருதியை வளைக்கும். என்னிடம் இருந்த கஞ்சிரா சாம்பிள்களில் அந்த வளைவே இல்லை. எக்ஸ்பிரஷன் பெடலைச் சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்டுக்கு மாற்றி, அடித்த மறுகணம் காலை அழுத்தினால் ஏறக்குறைய அந்த வளைவு வருகிறது. பிட்ச் பெண்ட் ஒரு சேனல் முழுவதையும் வளைக்கும் என்பதால் கஞ்சிராவுக்குத் தனி சேனல் கொடுத்துவிடுங்கள். நான் கொடுக்காமல் விட்டு, சிம்பல்கூடக் குழைந்து ஓடியது.

லேட்டன்சி, அதாவது தட்டுவதற்கும் சத்தம் கேட்பதற்கும் இடையிலான தாமதம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 48 கிலோஹெர்ட்ஸில் கணினி ஒலியைச் சேர்த்து வைக்கும் பஃபர் 128 சாம்பிள் என்றால் சுமார் 2.7 மில்லி செகண்ட். அதற்குமேல் ஆடியோ இடைமுகமும் டிரைவரும் கொஞ்சம் சேர்க்கும். 512க்குப் போனால் என் விரல்கள் தயங்குகின்றன.

குறைகளும் உண்டு. மூன்றாம் வருடம் பெடலுக்குள் இருக்கும் வால்யூம் பாட் (மாறும் மின்தடை) தேய்ந்து, காலை வைக்காமலே எண்கள் நடுங்கின. கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சில மாதம் தாங்குகிறது. பதிவு செய்ததைப் பாட்டின் நடுவிலிருந்து ஓட்டினால் சில சமயம் ஹாட் தப்பான நிலையில் தொடங்குகிறது. பெடலின் கடைசி அசைவு எங்கோ முன்னால் இருப்பதுதான் காரணம். அதனால் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் பெடலைச் சும்மா ஒரு முறை அசைத்து வைக்கிறேன்.

பெடல் வழுவழுப்பான டைல்ஸில் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கு நான் வாங்கிய எந்த ஸ்டாண்டும் உதவவில்லை. குளியலறை ரப்பர் மேட்டை வெட்டிப் போட்டிருக்கிறேன், ஒரு வருடமாக அசையவில்லை.