பழைய மவுண்டன் பைக்கைக் குளிர்காலச் சாலைக்கு மாற்றுதல்: எந்த வழி எதற்கு?

உப்புத் தூவிய, சேறு தெறிக்கும் குளிர்காலச் சாலையில் நல்ல ரோடு சைக்கிளை இறக்க யாருக்கும் மனம் வராது. அப்போதுதான் மூலையில் கிடக்கும் 26 அங்குல மவுண்டன் பைக் நினைவுக்கு வருகிறது. அதை எடுத்ததும் இரண்டு ஆசைகள் போட்டி போடும். ஒன்று, அதையே ரோடு சைக்கிளாக்கிவிடும் ஆசை: பெரிய சக்கரம், வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர். இன்னொன்று, மவுண்டன் பைக்காகவே விட்டுவிட்டு, குளிர்காலம் கேட்பதை மட்டும் சேர்ப்பது. நான் இரண்டாவது பக்கம். ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே இருக்கும் தாராளமான இடைவெளிதான் அந்த வண்டியின் பெரிய சொத்து. அகலமான டயரும் முழு மட்கார்டும் ஒன்றாக நுழைய இடமுள்ள சைக்கிள்கள் குறைவு. அந்த இடத்தைத் தின்றுவிடும் எந்த மாற்றத்தையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

பெரிய சக்கரமா, இருக்கும் சக்கரமா?

ரோடு சைக்கிளின் 700சி ரிம், டயர் உட்காரும் இடத்தில் 622 மி.மீ. விட்டம் கொண்டது. மவுண்டன் பைக்கின் 26 அங்குல ரிம் 559 மி.மீ. இரண்டுக்கும் ஆரத்தில் 31.5 மி.மீ. வித்தியாசம். ரிம் பிரேக் உள்ள வண்டியில் பிரேக் கட்டை அந்த உயரத்தை எட்டாது. அதோடு பேச்சு முடிந்தது. டிஸ்க் பிரேக் இருந்தால் மாற்ற வழி உண்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 54 மி.மீ. மவுண்டன் டயர் போட்ட பழைய சக்கரத்தின் ஆரம் ஏறக்குறைய 333 மி.மீ. ஒல்லியான 28 மி.மீ. டயர் போட்ட பெரிய சக்கரத்துக்கோ 339. ஒல்லி டயர் போட்டும் சக்கரம் பழையதைவிட உயர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் மட்கார்டு எங்கே போகும்?

வேகம் குறையுமே என்பது வழக்கமான கவலை. 40 மி.மீ. டயர் போட்ட 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2 மீட்டர் உருளும். முன்னால் 44 பல் செயின்ரிங்கும் (மிதியோடு சுற்றும் பல்சக்கரம்) பின்னால் 11 பல் ஸ்ப்ராக்கெட்டும் (பின்சக்கரத்தின் பல்சக்கரம்) இருந்து, நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 43 கி.மீ. வரும். இருட்டில், ஈரச்சாலையில், தடித்த உடுப்போடு அதற்கு மேல் என்ன வேண்டும்?

டயர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 26 அங்குலம் என்ற பெயரில் 571, 590 மி.மீ. ரிம்களுக்கான டயர்களும் விற்கின்றன. பக்கவாட்டில் 40-559, 47-559 என்பதுபோல் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். கடைசி எண் 559 ஆக இருக்க வேண்டும்.

வழுவழு டயரா, ஆணி டயரா?

வண்டியில் வேறு எதையும் மாற்றக் காசில்லை என்றால் டயரை மட்டும் மாற்றுங்கள். கட்டை கட்டையாகப் பற்கள் உள்ள மவுண்டன் டயர் தார்ச்சாலையில் மூன்று விதத்தில் இழப்பு: பற்கள் வளைந்து கொடுப்பதால் உருளத் தடை கூடுகிறது, தரையைத் தொடும் ரப்பரின் பரப்பு குறைகிறது, வளைவில் பற்கள் நெளிவதால் வண்டி அலைபாய்கிறது.

ஈரச் சாலையில் வழுவழு டயர் சறுக்கிவிடும் என்று பயப்படுபவர்கள் ஏராளம். அது கார் டயரிலிருந்து வந்த பயம். கார் டயர் தட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் தண்ணீர் அடியில் சிக்கிக்கொண்டு டயரைத் தூக்கிவிடும். அதனால் அதற்குப் பள்ளங்கள் தேவை. சைக்கிள் டயர் வட்டமானது, ஒடுக்கமானது, காற்றழுத்தமும் கூடுதல். அது தண்ணீர்மேல் மிதக்க வேண்டுமானால் சைக்கிள் போகக்கூடிய வேகத்தைவிட வெகு அதிகமான வேகம் வேண்டும். ஈரத்தில் பிடிப்பைத் தருவது ரப்பரின் கலவையும் காற்றழுத்தமும்தான். ஆகவே வெறும் ஈரமும் உப்பும் உள்ள சாலைக்கு 38 முதல் 47 மி.மீ. அகலத்தில், பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள வழுவழு டயர் போதும். கோடையில் வைப்பதைவிடச் சற்றுக் காற்றைக் குறையுங்கள். விரல் மரத்துப்போன நிலையில் டியூப் மாற்றுவது கொடுமை என்பதால், எடை கூடினாலும் பஞ்சர் தடுப்புப் பட்டைக்கே என் ஓட்டு.

பனிக்கட்டி வந்தால் எல்லாம் மாறிவிடும். கண்ணாடிபோல் உறைந்த தரையில் எந்த ரப்பரும் பிடிக்காது, பற்களும் உதவாது. அங்கே டங்ஸ்டன் கார்பைடு ஆணி பதித்த டயர் ஒன்றுதான் வழி. தார்ச்சாலையில் உரசினாலும் சீக்கிரம் தேயாத உலோகம் அது. ஆணிகளின் எண்ணிக்கையிலும் தேர்வு உண்டு. நோக்கியன் டபிள்யூ106, டபிள்யூ240 என்ற டயர்களின் பெயரிலேயே எண்ணிக்கை இருக்கிறது: ஒன்றில் 106 ஆணி, மற்றதில் 240. குறைந்த ஆணி உள்ளவை, பெரும்பாலும் காய்ந்த தாரும் ஆங்காங்கே பனிக்கட்டியும் இருக்கும் பாதைக்குப் பொருத்தம். இரவில் உருகல்நீர் உறைந்து, காலையில் பழைய சக்கரத்தடங்கள் கல்லாகிக் கிடக்கும் தெருக்களுக்கு அதிக ஆணி வேண்டும். தடத்தின் விளிம்பு டயரின் பக்கத்தைத் தள்ளும்போது, ஓரத்தில் ஆணி இல்லாத டயர் ஏற முடியாமல் வழுக்கும்.

தோள்பகுதியில் மட்டும் இரண்டு வரிசை ஆணி உள்ள டயரில் காற்றழுத்தத்தை வைத்தே நடத்தையை மாற்றலாம். காற்று நிறைய அடித்தால் ஆணிகள் தரையை லேசாகத்தான் தொடும், வண்டி எளிதாக உருளும். பனிக்கட்டி வந்ததும் கொஞ்சம் காற்றை இறக்கினால் ஆணிகள் ஊன்றும். புது ஆணி டயரை முதல் சில பத்துக் கிலோமீட்டர்களுக்குத் தார்ச்சாலையில் மெதுவாக, திடீர் பிரேக் இல்லாமல் ஓட்டுங்கள். ஆணிகள் ரப்பரில் நன்றாகப் பதிந்துகொள்ளும்.

இதற்குக் கொடுக்கும் விலை: இரைச்சல், எடை, மந்தம். பயண நேரம் கூடத்தான் செய்யும். ஒரே ஒரு ஆணி டயர் வாங்கத்தான் காசிருக்கிறது என்றால் அது முன்சக்கரத்துக்கு. பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் யோசிக்கும் முன்னே கீழே கிடப்போம்.

முன் ஃபோர்க்: சஸ்பென்ஷனை விடலாமா?

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவைதான் ஃபோர்க். சாலைக்கு அதில் சஸ்பென்ஷன் தேவையில்லை. குளிர்காலத்தில் அது பாரமும்கூட. உப்புநீர் சீல்களைத் தாண்டி உள்ளே போகிறது. 1990களின் பல ஃபோர்க்குகளில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருந்த ரப்பர் போன்ற எலாஸ்டோமர் கட்டைகள் குளிரில் இறுகிப்போகும். அதாவது ஃபோர்க் அசையாது, எடை மட்டும் கூடவே வரும். பூட்டுவசதி இருந்தால் பூட்டி ஓட்டலாம். செலவில்லாத வழி அதுதான். ஆனால் மட்கார்டு மாட்டத் துளை இருக்காது.

அசையாத ஃபோர்க் வாங்குவதென்றால் நீளத்தை அளக்காமல் வாங்காதீர்கள். அச்சிலிருந்து ஃபோர்க்கின் தோள் வரையிலான நீளம்தான் முக்கியம். 100 மி.மீ. சஸ்பென்ஷனுக்கென வடிவமைத்த ஃபிரேமில் அது சுமார் 470 மி.மீ. இருக்கும், ஆள் ஏறியதும் கொஞ்சம் அமுங்கும். அங்கே சஸ்பென்ஷன் காலத்துக்கு முந்தைய 395 மி.மீ. ஃபோர்க்கைப் போட்டால் முன்பக்கம் தாழ்ந்துவிடும். ஏறக்குறைய 20 மி.மீ. குறைந்தால் ஃபிரேமில் ஃபோர்க் நுழையும் ஹெட் டியூபின் சாய்வு ஒரு டிகிரி நிமிரும் என்பது கைக்கணக்கு. இரண்டு மூன்று டிகிரி நிமிர்ந்தால் ஸ்டீயரிங் துடிதுடிப்பாகிவிடும், பெடலும் தரைக்கு நெருங்கும். வழுக்கும் சாலையில் துடிப்பான ஸ்டீயரிங் யாருக்கு வேண்டும்? பழைய ஃபோர்க் அமுங்கிய நிலையில் என்ன நீளமோ, அதற்கு நெருக்கமானதாகத் தேடுங்கள்.

பிரேக்கும், ஒரு முன்சக்கரமும்

1996இல் ஷிமானோ கொண்டுவந்த, ரிம்மை இருபுறமும் கவ்வும் வி-பிரேக் இன்றும் நல்ல பிரேக்தான். குளிர்காலத்தில் அதன் பகை தண்ணீரைவிட மணல். ஈர ரிம்மில் பிடிப்பு வரச் சற்று நேரமாகும், அதைப் பழகிக்கொள்ளலாம். கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே அரைபடும் மண்ணோ ரிம்மின் சுவரையே தேய்த்துவிடுகிறது. டிஸ்க்கில் இந்தத் தொல்லை இல்லை: தேய்வது தனியாக மாற்றக்கூடிய தட்டும் பேடும் மட்டும்.

ஆனால் பழைய ஃபிரேமின் பின்பக்கத்தில் டிஸ்க் பொருத்தும் இடம் பெரும்பாலும் இருக்காது. அதற்காக விற்கும் இணைப்புத் துண்டுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த விசையைத் தாங்க அந்தக் குழாய்கள் வடிவமைக்கப்படவில்லை. எனக்குப் பிடித்தது கலப்பு வழி: முன்னால் டிஸ்க், பின்னால் வி-பிரேக். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது என்பதால் பலனும் அங்கேதான் அதிகம். அசையாத ஃபோர்க் எப்படியும் வாங்கப் போகிறோம். அதையே டிஸ்க் பொருத்தும் இடமுள்ளதாக வாங்கலாம். டிஸ்க்குக்கு முன்சக்கரம் புதிதாகக் கட்ட வேண்டும். அதையே டைனமோ ஹப்பில் (மின்சாரம் தரும் சக்கர நடுப்பகுதி) கட்டினால் 6 வோல்ட், 3 வாட் விளக்கும் கிடைத்துவிடும். குளிரில் பேட்டரியின் கொள்ளளவு குறையும் தொல்லையும் போகும். ஒரே செலவில் பிரேக், வெளிச்சம், தேயாத ரிம் மூன்றும் தீர்கின்றன. செலவு அதிகம்தான், இந்த வண்டியைப் பல குளிர்காலம் ஓட்டப் போகிறவர்களுக்கே அது தகும். மற்றவர்கள் வி-பிரேக்கில் ஈரத்துக்கான மிருதுவான கட்டைகளைப் போட்டு, அவற்றில் குத்தியிருக்கும் அலுமினியத் துணுக்குகளை அவ்வப்போது ஊசியால் எடுத்துவிட்டால் போதும்.

கியர்: நான்கு வழிகள், ஒரு சுலபமான விடை

ஹப்புக்குள் அடங்கிய கியரே குளிர்காலத்துக்குச் சிறந்தது என்பார்கள். காகிதத்தில் உண்மை. ஷிமானோ ஆல்ஃபீன் 8 கியரின் வீச்சு (மிகப் பெரிய கியருக்கும் மிகச் சிறியதற்கும் உள்ள விகிதம்) 307 சதவீதம், ரோலாஃப் 14 கியரில் 526. பற்சக்கரங்கள் எல்லாம் உள்ளே, உப்பு தொடாது. மவுண்டன் ஃபிரேமின் 135 மி.மீ. பின் அகலமும் பொருந்தும். சிக்கல் வேறு இடத்தில். மவுண்டன் பைக்கில் பின் அச்சு செங்குத்தான வெட்டில் உட்காருகிறது. சக்கரத்தைப் பின்னே இழுத்துச் செயினை இறுக்க முடியாது. அதனால் செயினை இறுக்கிப் பிடிக்கத் தனியாக டென்ஷனர் வேண்டும். டென்ஷனரில் மறுபடியும் வெளியே சுற்றும் பல்சக்கரங்கள்! எந்தத் தொல்லையைத் தவிர்க்க இவ்வளவு செலவழித்தோமோ அது திரும்பி வந்துவிடுகிறது. ஒற்றை கியருக்கும் இதே கதை. கூடவே எதிர்க்காற்றில் முழங்கால் வலியும்.

செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டிரெயிலியர் வண்டியில் ஏற்கெனவே இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளுங்கள். உறைசேறு முதலில் அடைப்பது முன் டிரெயிலியரை. அதை மட்டும் வேலையிலிருந்து விடுவிக்கலாம். நடுவிலுள்ள 32 பல் செயின்ரிங்கும் பின்னால் 11 முதல் 28 பல் வரையுள்ள கேசட்டும் (பின் பல்சக்கரத் தொகுதி) சேர்ந்தால் 90 சுற்று மிதியில் மணிக்கு 31 கி.மீ. கிடைக்கும், ஏற்றத்துக்கும் குறைவில்லை. முன் டிரெயிலியரைக் கழற்றிவிடாமல் நடுவில் நிறுத்தினால் செயின் கழன்று விழாமல் காவல் காக்கும். தேய்ந்த செயினுக்கும் கேசட்டுக்கும் மாற்று மலிவாகக் கிடைக்கிறது என்பது பெரிய நிம்மதி. உப்பு எதையும் விட்டுவைக்காது.

ஹேண்டில்பார்

வளைந்த ஹேண்டில்பார் போடும் ஆசையை இங்கே விட்டுவிடலாம். மவுண்டன் பைக்கின் பிரேக் பிடியும் கியர் மாற்றியும் 22.2 மி.மீ. குழாய்க்கானவை, ரோடு ஹேண்டில்பார் 23.8 மி.மீ. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ரோடு பிரேக் பிடி இழுக்கும் கேபிள் நீளம் வி-பிரேக்குக்குப் போதாது. மவுண்டன் ஃபிரேமின் மேல்குழாய் ஏற்கெனவே நீளம். வளைந்த பாரில் கை இன்னும் முன்னே போய் உடல் நீண்டுவிடும். நேரான, அகலமான பார் பனியில் வண்டியைத் திருத்தக் கூடுதல் நெம்பு தருகிறது. கையுறைக்கு மேல் மூடும் பார் உறையும் இதில்தான் சிக்கலின்றி மாட்டும். கடுங்குளிரில் எந்தக் கையுறையும் அதற்கு ஈடாகாது.

மட்கார்டு

சீட் குழாயில் சொருகும் குட்டி மட்கார்டு முதுகை மட்டும் காக்கும். முன்சக்கரம் வாரி இறைக்கும் உப்புச்சேறு காலணியிலும் பெடல் அச்சிலும் செயினிலும் தொடர்ந்து படியும். முழு மட்கார்டும், தரைக்கு அருகே தொங்கும் ரப்பர் மடலும் போடுங்கள். டயரைவிட 10 மி.மீ.யாவது அகலமாக இருக்கட்டும். டயருக்கும் அதற்கும் ஒரு விரல் தடிமனுக்குக் குறையாத இடைவெளி வேண்டும். ஈரப்பனி அங்கே அடைந்து உறைந்தால் சக்கரம் நின்றுவிடும். முன் மட்கார்டில் தானாகக் கழலும் கிளிப் கட்டாயம்.

உலர்ந்த பனி மட்டுமே பெய்து சாலை எப்போதும் உறைந்தே கிடக்கும் இடத்தில் சொருகு மட்கார்டே போதும், ஏனென்றால் அங்கே தெறிக்க நீரில்லை.

எந்த வண்டியை எடுக்கக் கூடாது

முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ளதை விட்டுவிடுங்கள். மட்கார்டுக்கு இடமில்லை, இணைப்புகளிலெல்லாம் உப்பு புகும். ஸ்டீல் ஃபிரேமில் அலுமினிய சீட் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தால் முதலில் அதை எடுக்க முடிகிறதா பாருங்கள். எடுத்ததும் கிரீஸ் தடவி மாட்டுங்கள். கடைசியாக ரிம்மின் பக்கச்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். உள்வாங்கிக் குழிந்திருந்தால், புது டயருக்குக் காற்றடிப்பதற்கு முன்பே அந்த ரிம்மை மாற்றிவிடுங்கள்.