முதல் புத்தகம் போடப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

புத்தகக் கட்டு நேற்று வந்தது. பிரித்துப் பார்த்ததிலிருந்து வேறு எதிலும் மனம் ஓடவில்லை. 45,000 கட்டியிருக்கிறேன். வந்திருப்பதோ, அச்சுக்குப் போகும் முன் ஒருவரும் புரட்டிக்கூடப் பார்க்காத புத்தகம். வரியின் கடைசியில் கொம்பு மட்டும் தனியாக நிற்கிறது, அதற்குரிய எழுத்து அடுத்த வரியில் தொடங்குகிறது. பக்கத்துக்குப் பக்கம் இதே கதை.

பெயர் சொல்லப் போவதில்லை. ‘நீங்கள் எழுதுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று பேக்கேஜ் விற்கும் சுய பதிப்பு நிறுவனங்களில் ஒன்று.

பதிப்பகங்களுக்குக் கதைகளை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தபோதுதான் இந்த நிறுவனத்திலிருந்து ஒருவர் அழைத்தார். எடுத்த எடுப்பில் பணம் பற்றிப் பேச்சே இல்லை. “மூணாவது கதையில அந்தப் பாட்டி கதவைச் சாத்தாமலே படியிறங்குற இடம் இருக்கே சார், அதுக்கு மேல படிக்க முடியாம அப்படியே உட்கார்ந்துட்டேன். இது புத்தகமா வராம இருக்கக் கூடாது” என்றார். நான் அடித்து அடித்துத் திருத்திய இடம் அது. வீட்டில்கூட யாரும் அதைக் கவனித்ததில்லை. முதல் வாசகர் கிடைத்துவிட்டார் என்றுதான் நம்பினேன். எழுதுகிறவனுக்கு எதில் பசி என்று தெரிந்துகொண்டு அதையே தூண்டிலில் மாட்டுகிறார்கள். இதைவிடக் கேவலமான வியாபாரம் உண்டா?

மெய்ப்புத் திருத்தம் (அச்சுக்கு முன் பிழை திருத்துவது), பக்க வடிவமைப்பு, அட்டை, ஐஎஸ்பிஎன் (நூலுக்கான அடையாள எண்), 200 பிரதிகள், ஆன்லைன் விற்பனை, எல்லாம் சேர்த்து 45,000. முழுத் தொகையும் முன்கூட்டியே.

பணம் போய்ச் சேர்ந்ததும் அந்தக் குரல் காணாமல் போனது. அப்புறம் பேசியவர்கள் எல்லாம் வேறு வேறு ஆட்கள். “ஃபைல் டீம்ல இருக்கு சார்.” “டிசைனர் லீவு.” “பேப்பர் விலை ஏறிடுச்சு.” மெய்ப்புப் பிரதி கேட்டதற்கு, “டைம் இல்ல சார், நேரா பிரிண்டுக்குப் போயிடுச்சு.” வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நேற்று அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். ‘பிழைகளுக்கு ஆசிரியரே பொறுப்பு, அக்ரிமென்ட்டைப் பாருங்க’ என்று ஒற்றை வரி வந்தது. அப்படியானால் மெய்ப்புத் திருத்தம் என்று வாங்கிய காசு எதற்கு?

நான் யூனிகோடில் (இப்போது ஃபோனிலும் இணையத்திலும் தமிழ் எழுதும் முறை) கொடுத்ததை, அதற்கு முந்தைய பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பக்கம் கட்டியிருக்கிறார்கள். அதில் கொம்பு தனிக் குறியாகத்தான் இருக்கும். அது தமிழ் என்றே மென்பொருளுக்குத் தெரியாது, சொல்லைக் கண்ட இடத்தில் உடைத்துவிடும். ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு முறை படித்திருந்தால் பிடிபட்டிருக்கும். பிரதிகளும் 100தான் வந்திருக்கின்றன. மீதி, “ஆர்டர் வந்தா அடிப்போம்” என்கிறார்கள். 45,000 வாங்கும்போது இந்தப் பேச்சு எங்கே போயிருந்தது?

பின்னட்டையில் இருக்கும் ஐஎஸ்பிஎன்னைப் பார்த்தால் இன்னும் கொதிக்கிறது. அதன் 13 இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால், மொத்தம் 10ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். என் புத்தகத்துக்கு 97 வருகிறது. அப்படி ஒரு எண் இருக்கவே முடியாது. நீங்களும் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

முதல் புத்தகத்துக்கு என்னென்ன வழிகள் உண்டு என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். எழுத்தைத் தேர்ந்தெடுத்து வெளியிடும் பதிப்பகம் உங்களிடம் காசு கேட்காது, விற்பனையில் ராயல்டி தரும். பதில் வர மாதங்கள் ஆகலாம், ஆகட்டும். காத்திருக்க முடியாதென்றால் மின்னூலாக நீங்களே ஏற்றலாம். அமேசானின் கிண்டிலில் தமிழ் நூலை ஏற்றக் கட்டணம் கிடையாது. அச்சில்தான் வேண்டுமென்றால் மெய்ப்புப் பார்ப்பவர், பக்கம் கட்டுபவர், அச்சகம் என்று தனித்தனியாகப் பிடித்து, வேலை முடிய முடியப் பணம் கொடுங்கள். மெய்ப்புப் பிரதியை நீங்கள் பார்த்துச் சரி சொல்லாமல் அச்சுக்குப் போகக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். பக்கம் கட்டிய மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள்.

அக்ரிமென்ட்டில் உரிமை எத்தனை ஆண்டுகளுக்கு என்று கட்டாயம் பாருங்கள். என்னுடையதில் 5 ஆண்டுகள். அதுவரை இந்தக் கதைகளை வேறு யாரிடமும் கொடுக்க முடியாதாம். 45,000 போனதைவிட இதுதான் தூங்க விடவில்லை. ஒரு வக்கீலிடம் காட்டப் போகிறேன். இப்படிப்பட்ட அக்ரிமென்ட்டிலிருந்து யாராவது வெளியே வந்திருந்தால் எப்படி வந்தீர்கள் என்று சொல்லுங்கள்.