அனுபவமுள்ள மென்பொருளாளருக்கு அமெரிக்க எம்.எஸ்.ஸா, ஜெர்மன் புளூ கார்டா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில், கோவையில் பி.இ. முடித்து அங்கேயோ பெங்களூரிலோ கொச்சியிலோ ஆறேழு ஆண்டுகள் மென்பொருள் வேலை பார்த்தவர்கள் இன்று கணிசமாக இருக்கிறார்கள். முப்பது வயதை ஒட்டி அவர்களுக்கு எழும் வெளிநாட்டு எம்.எஸ். எண்ணத்தை, கல்லூரி முடித்த கையோடு விமானம் ஏறும் பிள்ளைகளின் கணக்கைக் கொண்டு எடைபோடக் கூடாது. நம் அனுபவத்தை எந்த நாடு தகுதியாக ஏற்கிறது, எந்த நாடு தன் பட்டத்தையே வாசலாக வைத்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் இன்று பட்டம்தான் வாசல். இந்தியாவிலிருந்து நேரடியாக எச்-1பி எனும் வேலை விசாவில் ஆள் எடுக்கும் நிறுவனம், 2025 செப்டம்பர் 21 முதல் நடப்பிலுள்ள அறிவிப்பின்படி ஒரு லட்சம் டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். அங்கேயே படித்து, நாட்டை விட்டு வெளியேறாமல் மாணவர் விசாவிலிருந்து மாறுபவருக்கு அந்தக் கட்டணம் இல்லை. படிப்புக்குப் பின் மாணவர் விசாவிலேயே, ஓ.பி.டி. எனும் பணிப் பயிற்சி அனுமதியில் 12 மாதம், அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான ஸ்டெம் நீட்டிப்பில் 24 மாதம் என மூன்றாண்டு வேலை பார்க்கலாம். அதற்குள் எச்-1பி விசாவுக்கான குலுக்கலில் பெயர் வந்தாக வேண்டும். பொது ஒதுக்கீடு 65,000. அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்குத் தனியாக 20,000.

2026 முதல் குலுக்கலின் விதியும் மாறியிருக்கிறது. நான்கு ஊதிய நிலைகளில் மிக உயர்ந்த நான்காம் நிலையில் உள்ளவரின் பெயர் நான்கு முறையும், முதல் நிலையில் உள்ளவரின் பெயர் ஒரே முறையும் சேர்க்கப்படும். அனுபவசாலிக்கு இது சாதகம் என்று தோன்றினாலும், நிலையைத் தீர்மானிப்பது அந்த வேலைக்கும் ஊருக்கும் ஏற்பத் தரப்படும் சம்பளமே தவிர நாம் கடந்து வந்த ஆண்டுகள் அல்ல. புதுப் பட்டதாரிக்கான இடத்தை ஒப்புக்கொண்டு குறைந்த சம்பளத்தில் சேர்பவருக்கு எட்டாண்டு அனுபவம் குலுக்கலில் எந்தக் கூடுதல் பலனும் தராது. ஆகவே சீனியர் பணிக்கே விண்ணப்பிக்கும் துணிவு இல்லாதவருக்கு இந்தப் பாதையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் பிறகும் இந்தியாவில் பிறந்தவர்கள் கிரீன் கார்டுக்குப் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்கிறது.

கடனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இரண்டாண்டுச் செலவு ஐம்பது லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. நம் பகுதியில் அதற்கு ஈடாக வைக்கப்படுவது பெரும்பாலும் தென்னந்தோப்பு. அதன் ஆதாரம் (பத்திரம்), கரம் (நிலவரி) கட்டிய ரசீது, வில்லேஜ் ஆபீசின் கைவசச் சான்று, வில்லங்கச் சான்று அனைத்தையும் வங்கியின் வக்கீல் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகே கோப்பு நகரும். பெற்றோரின் ஒரே சொத்தைக் குலுக்கலை நம்பி அடகு வைப்பதா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசித் தீர்மானிப்பது அவசியம்.

ஜெர்மனியில் நிலைமை நேர்மாறு. புளூ கார்டு எனும் வேலை, வசிப்பு அனுமதிக்கு அங்கீகரிக்கப்பட்ட பி.இ. பட்டமும் வேலை ஒப்பந்தமும் இருந்தால் போதும். மென்பொருள் துறைக்கு 2026-இல் ஆண்டுச் சம்பளம் குறைந்தது 45,934.20 யூரோ இருக்க வேண்டும். பட்டமே இல்லாதவர்கூட, கடந்த ஏழாண்டுகளில் மூன்றாண்டு தகவல் தொழில்நுட்ப அனுபவம் காட்டினால் புளூ கார்டு பெற முடியும். 27 மாதத்தில், ஜெர்மன் மொழியில் பி1 எனும் இடைநிலைத் தேர்ச்சி இருந்தால் 21 மாதத்தில், நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கணவனோ மனைவியோ உடன் வந்து உடனே வேலைக்குப் போகலாம். அமெரிக்க மாணவரின் துணைக்கு அந்த உரிமை இல்லை. இதில் கடினமானது வேலையைப் பிடிப்பதுதான். பெர்லின் ஸ்டார்ட்-அப்களைத் தாண்டினால் ஜெர்மன் மொழியைப் பெரும்பாலான நிறுவனங்கள் எதிர்பார்க்கின்றன. ஆகவே இரண்டாண்டுப் படிப்புக்குத் தரும் உழைப்பை இங்கிருந்தபடியே மொழிக்குத் தருவது மேல்.

பிரிட்டனில் ஓராண்டு எம்.எஸ்ஸி. குறுகியதுதான், எனினும் 2027 தொடக்கத்திலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்குப் படிப்புக்குப் பிந்தைய விசா 18 மாதமாகக் குறைகிறது. வகுப்புவழி முதுகலை மாணவர்கள் 2024 முதல் குடும்பத்தை அழைத்துச் செல்லவும் முடியாது. மணமானவர்கள் இதைக் கடைசியில் வைக்கலாம்.

ஜெர்மனியிலேயே எம்.எஸ். படிப்பது, துறை மாற விரும்புபவருக்குப் பொருந்தும். டெஸ்டிங்கில் பல ஆண்டுகள் இருந்தவர் சிப் வடிவமைப்புக்கோ ரோபாட்டிக்ஸுக்கோ போக வேண்டுமானால் பழைய அனுபவம் மட்டும் போதாது. அவர் இந்தியச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றும், ஓராண்டுச் செலவுக்கு, மாதாமாதம் மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் 11,904 யூரோவும் காட்ட வேண்டும். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லாததால், தோப்பை அடகு வைக்காமலே இதைச் சமாளிக்க முடியும். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதமும் கிடைக்கும்.