கதர்க் கடையில் எடுத்த வேட்டியும் சட்டைத் துணியும்

காந்தி ஜெயந்தித் தள்ளுபடி தொடங்கிய வாரத்தில், விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கதர்க் கடையில் நான்கு முழ வேட்டி ஒன்றும், அரைக்கைச் சட்டைக்கு இரண்டரை மீட்டர் வெள்ளைத் துணியும் எடுத்தேன். 1989 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் கட்சியின் வாக்குச்சாவடி முகவராக உட்காருவதற்கென்று முதல் கதர்ச் சட்டையை வாங்கியதும் இதே கடையில்தான். அன்றிலிருந்து வேறு துணியில் சட்டை தைத்ததில்லை என்பதால், இதன் நிறைகுறைகளைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்று நம்புகிறேன்.

இம்முறை வந்திருக்கும் துணி சென்ற ஆண்டினதைவிடச் சற்றுக் கனமானது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கையால் நூற்ற நூலுக்கே உரிய தடிப்பும் மெலிவும் தெரிகின்றன; ஆங்காங்கே எள்ளளவு முடிச்சுகள் விரலில் தட்டுப்படுகின்றன. இதைப் பழுது என்று எண்ணித் திருப்பிக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அக்கினி நட்சத்திர வெயிலில் முதுகில் ஒட்டாமல், வேர்வையை வாங்கிக்கொண்டு காற்றை உள்ளே விடுவது இந்தச் சீரற்ற நூல்தான். துணியை ஓர் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்திய பிறகே தையற்காரரிடம் கொடுக்க வேண்டும். இல்லையேல் முதல் சலவையிலேயே சட்டை குட்டையாகிவிடும். கடையில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, புதிதாக வாங்குபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். வடிகஞ்சியில் தண்ணீர் கலந்து, வடிகட்டி, அதில் முக்கியெடுத்து, முழுவதும் காயும் முன்பே லேசான ஈரத்தில் தேய்த்தால் மொடமொடப்பு இரண்டு நாள் நிற்கும். முதலில் நைவது கழுத்துப்பட்டை. அதைப் பிரித்துத் திருப்பித் தைத்துக்கொண்டால் மேலும் ஓராண்டு உழைக்கும்.

கதர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும்: “இந்தத் தலைவர்களுக்காகவா அண்ணாச்சி இன்னும் கதர் கட்டுகிறீர்கள்?” கேட்பவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. கதரும் காங்கிரசும் பிரிக்க முடியாதவை என்று ஊர் நினைப்பதற்குக் காரணம் உண்டு; வழக்கமாகக் கதர் அணிபவன் என்ற உறுதிமொழி நெடுங்காலம் கட்சியின் உறுப்பினர் விதிகளிலேயே இருந்தது. 1967இல் காமராஜர் விருதுநகரில் 1,285 வாக்குகளில் தோற்ற மறுநாள் காலையில், என் தந்தை இதே போன்ற கதர்ச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வழக்கமான நேரத்தில் பலசரக்குக் கடையைத் திறந்தார் என்று அம்மா சொல்லுவார். மாநிலத்தில் ஆட்சி அன்று போனது, பிறகு திரும்பவே இல்லை.

என் காலத்தில் கடினமான ஆண்டு 1996. அ.தி.மு.க.வோடு கூட்டணி வேண்டாம் என்று தமிழ்நாட்டுத் தொண்டர்கள் ஏறத்தாழ ஒரே குரலில் சொன்னபோதும், நரசிம்ம ராவ் தலைமையிலான மேலிடம் அந்தக் கூட்டணியையே முடிவாக அறிவித்தது. மூப்பனார் வெளியேறித் தமிழ் மாநில காங்கிரசைத் தொடங்கினார். சைக்கிள் சின்னத்தில் அவர்கள் சட்டமன்றத்தில் 39 இடங்களை வென்றார்கள், கை சின்னத்தில் நின்ற நாங்கள் ஓர் இடம்கூடப் பெறவில்லை. மேலிடத்தின் முடிவு தவறு என்று வட்டாரக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து பேசியவன் நான். இருந்தும் நான் போகவில்லை. என்னை விட்டு என் நெருங்கிய நண்பர் போனார். அந்த அக்டோபரில் இருவரும் இந்தக் கடையின் மரமேசை முன்பு எதிர்பாராமல் சந்தித்துக்கொண்டோம். ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத எங்கள் இருவருக்கும், கடைக்காரர் ஒரே துணித் தானை விரித்து, கம்பியால் அளந்து, அடுத்தடுத்து இரண்டு துண்டுகளாகக் கிழித்துக் கொடுத்தார். நண்பர் தன் துண்டை வாங்கிக்கொண்டு, “சுருங்கும்பா, மறக்காம நனைச்சிரு” என்றார். 2002இல் இரண்டு கட்சிகளும் இணைந்தபோது எங்களைச் சேர்த்துவைக்க யாரும் தேவைப்படவில்லை.

2009க்குப் பிந்தைய ஆண்டுகள் வேறு விதமானவை. ஈழத்தில் நடந்தது எங்கள் வீட்டிலும் துக்கமாகவே இருந்தது. மத்தியில் நம் கட்சி ஆண்டுகொண்டிருந்தது என்பது அந்தத் துக்கத்தைப் பேச முடியாததாக்கியது. ஒரு திருமண வீட்டில், என் சட்டையைப் பார்த்தே பந்தியில் பக்கத்து இலையிலிருந்து ஒருவர் எழுந்து வேறு இடம் போனார். 2014இல் கூட்டணிக்கு யாரும் வராமல் 39 தொகுதிகளிலும் தனியாக நின்று அத்தனையிலும் தோற்றோம். அந்த ஆண்டும் நான் வாக்குச்சாவடியில் உட்கார்ந்தேன். எங்கள் தலைவர்கள் சிலர்மீது மக்களுக்கு இருந்த கோபம் நியாயமானது. அதை மறுத்துப் பேச எனக்கு நா எழவில்லை. கட்சியின் மாநிலத் தலைமையகமான சத்தியமூர்த்தி பவனில் கோஷ்டிச் சண்டையில் வேட்டி கிழிந்த செய்திகளைப் படித்தபோது ஏற்பட்ட வெட்கத்தையும் மறைக்கவில்லை.

ஆனால் தலைவர்களைப் பிடிக்கவில்லை என்று நாம் எழுந்து போய்விட்டால், கட்சி முழுவதும் அவர்களிடமே அல்லவா மிஞ்சும்? நான் சேர்ந்தது, நான் படித்த பள்ளிக்கூடத்தைத் திறந்து அதில் மதியச் சோறும் போட்ட கட்சியில். அந்தக் கட்சியைக் கேட்டு வாங்கும் உரிமை, உள்ளே உட்கார்ந்து சண்டை போடுகிறவனுக்குத்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். 2021இல் 25 இடங்களில் நின்று 18இல் வென்றபோது, இளைஞர்கள் சிலர் எங்கள் கமிட்டிக்கு வந்தார்கள். அவர்களிடமும் இதையே சொன்னேன்.

கடையின் சேவை பற்றி. பணியாளர் பொறுமையானவர், கேட்ட தான்களை எல்லாம் சலிக்காமல் விரித்துக் காட்டுகிறார். 30 சதவீதத் தள்ளுபடியும் முறையாகக் கழிக்கப்பட்டது. கையால் ரசீது எழுதுவதால் கூட்ட நாளில் அரை மணி நேரம் நிற்க நேரிடும். மதியம் உணவு இடைவேளையில் கடையை அடைத்துவிடுகிறார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது. ஆயத்தச் சட்டைகளில் 40க்கு மேற்பட்ட அளவு இல்லை. பெரிய குறை ஒன்று: பாலியஸ்டர் கலந்த பாலிவஸ்திராத் துணியையும் தூய பருத்திக் கதரையும் ஒரே அலமாரியில் கலந்து அடுக்கியிருக்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கதர் முத்திரைச் சீட்டைப் பார்த்து, பருத்திதானா என்று வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டும்.

மூவர்ணக் கட்சிக் கரை வேட்டி இங்கே கிடைக்காது. அது பெரும்பாலும் விசைத்தறித் துணி, ஜவுளிக் கடைகளில்தான் இருக்கும். மாநாட்டு நாட்களில் எங்கள் இளைஞர்கள் அதைக் கட்டுகிறார்கள், அதில் எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. நான் எடுத்திருப்பது கரையில் ஒற்றைப் பச்சைக் கோடு மட்டும் உள்ள வேட்டி. சட்டைத் துணி நேற்றிரவு வாளியில் ஊறி, இன்று மாடிக் கொடியில் உலர்ந்துகொண்டிருக்கிறது. நாளை தையற்காரரிடம் போகும். வழக்கம்போல் இடப்பக்கம் ஒரு பை, உறுப்பினர் சேர்க்கைப் புத்தகம் நுழையும் அளவுக்கு.