ஏலத்தில் எடுத்த ஐபிஎம் மாடல் எம்: வருடக்கணக்கில் தட்டிய பிறகு

பழைய ஐபிஎம் மாடல் எம் கீபோர்டு ஒன்றை இணைய ஏலத்தில் எடுத்து, பல வருடமாகத் தினமும் தட்டிக்கொண்டிருக்கிறேன். விசைகளில் இன்றுவரை தொய்வில்லை. ஒவ்வொரு விசைக்கு அடியிலும் ஒரு சுருள்வில்; அழுத்தினால் சட்டென்று பக்கவாட்டில் மடங்கும். எழுத்து பதிவாவதும் ‘டக்’ சத்தமும் ஒன்றாகவே நடக்கும். இரவில் வேலை பார்த்தால் எத்தனை வரி எழுதினேன் என்று பக்கத்து அறைக்கும் தெரிந்துவிடும்.

1985-இல் வந்த மாடல், அதனால் விண்டோஸ் விசை கிடையாது. கேப்ஸ் லாக்கை அதற்கு மாற்றிக்கொண்டேன். யூஎஸ்பியில் செருக, சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். உள்தகட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ரிவெட்டுகள் வயதானால் உடையும். என்னுடையதில் உடைந்த இடங்களில் துளையிட்டுச் சின்ன போல்ட் போட்டிருக்கிறேன்.

சரி, விலைக்கு வருவோம். விற்பவர்களுக்கென்று ஒரு தனி அகராதி இருக்கிறது. ‘அரிய பொருள்’ என்றால் லட்சக்கணக்கில் தயாரான அதே மாடல்தான். ‘சோதித்துப் பார்க்கவில்லை’ என்றால், என் கணிப்பில், சோதித்தார், ஓடவில்லை. அடிமாட்டு விலையில் ஏலத்தைத் தொடங்கி, ஷிப்பிங்கில் வசூலித்துவிடுவார்கள். கிட்டத்தட்ட இரண்டு கிலோ கனம் என்பதால் கேள்வியும் கேட்க முடியாது. அடிப்பக்கத்துப் படம் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். தயாரித்த தேதியும் பாகத்தின் எண்ணும் அங்கே ஒட்டிய லேபிளில்தான் இருக்கும். 1391401 என்ற எண்தான் பலரும் தேடுவது.

ஈபே போன்ற தளங்களில் உங்கள் உச்ச விலையை முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம். ஆனால் நீங்கள் கட்டுவது, தோற்றவரின் உச்சத்துக்கு ஒரு படி மேலே மட்டும். ஆக, விலையை முடிவு செய்பவர் தோற்றுப்போனவர்தான்! சீக்கிரமே கேட்டு வைத்தால் அவருக்கு ரோஷம் வர நேரம் கிடைக்கும். அதனால்தான் கடைசி நொடிகளில் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான்.

அந்த ரோஷக்காரர்களை எனக்கு அடையாளம் தெரியும். ஒவ்வொரு ஏலத்திலும் அதே ஆட்கள்தான். எல்லோருக்கும் பத்து விரல்தான், கீபோர்டு மட்டும் அதைவிட அதிகம். இன்றைய கீபோர்டுகளில் விசைக்கு அடியில் இருக்கும் ஸ்விட்ச்சை நிறத்தால்தான் சொல்வார்கள். ஒருவர் சத்தம் போடும் நீல ஸ்விட்ச்சுக்குச் சண்டை போடுவார், இன்னொருவர் சத்தம் குறைந்த பழுப்புக்கு; இரண்டு பேரும் தட்டுவதென்னவோ அடுத்த ஏலத்தில் கேட்கும் தொகையைத்தான்.

புதிதாக வேண்டுமென்றால் யூனிகாம்ப் நிறுவனம் அதே சுருள்வில் முறையில் இன்னமும் கீபோர்டு செய்கிறது, யூஎஸ்பியோடு. ஏலம், ரோஷம் எதுவும் வேண்டாம். சேகரிப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: அப்படியா என்று அதிலும் ஒன்று வாங்கிக்கொள்வார்கள்.